அசையாதீர்கள்

வாரத்தில் ஐந்து நாள் என் வேலை
மனிதர்களை நிறுத்திவைப்பது.

மோவாயைத் தட்டின் மேல் வையுங்கள்.
தோள்களை முன்னால் தள்ளுங்கள், இன்னும் கொஞ்சம்,
தட்டைக் கட்டிப்பிடிப்பதுபோல.
மூச்சை இழுங்கள். அப்படியே பிடியுங்கள்.
தாரிக் நாஃபாஸ். தாஹான்.
சீனத்திலும் சொல்வேன்;
என் உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்துவிட்டால்
மறுபடி முதலிலிருந்து.
கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவேன்.
ஒரு பீப்.
மூச்சு விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை லோரோங் ஹாலுஸில்
என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் தீவின் குப்பை இங்கே வந்தது.
இப்போது நாணல், தும்பி, ஏழரை மணி வெயில்.
நீருக்கு அப்பால் வீவக அடுக்குகள்,
பன்னிரண்டாம் மாடியில்
மூங்கில் கழி நிறைய யாருடைய பள்ளிச் சீருடையோ.

பெனின்சுலாவில் பழைய லென்ஸ் ஒன்று வாங்கினேன்.
வாரில் மார்க்கரால் எழுதியிருக்கும் ‘டான்’
யாரென்று தெரியாது.
அழிக்கவும் இல்லை.

கரையோரம் முக்காலிகள் வரிசை.
குவெக் பறவைகளுக்குப் பெயர் சொல்லமாட்டார்,
கம்பிகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்.
“மூணு! மூணு!” என்பார்,
எல்லாக் குழாய்களும் மூன்றாம் கம்பிக்குத் திரும்பும்.
ரோஸ்லி எப்போதும் அரை நொடி பிந்துவார்,
கையில் கறிபஃப்.

நீலவால் பஞ்சுருட்டான்.
நாற்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்ட சொல்.
எந்தப் பஞ்சை, எங்கே உருட்டுகிறது, தெரியவில்லை.
நான் பார்த்தவரை
கம்பியை விட்டுப் பாயும், காற்றில் ஒரு தேனீயைக் கவ்வும்,
அதே கம்பிக்குத் திரும்பி வந்து
துணி துவைப்பதுபோல் அதை அடிக்கும்.
இடையில் உள்ளதுதான் நமக்கு வேண்டும்.
நொடியை மூவாயிரத்து இருநூறாக நறுக்கி
அதில் ஒரு துண்டு.

அது பாயும்போது
மூச்சை அடக்கிக்கொள்பவள் நான்.

இன்று இருநூற்றுப் பதினான்கு படம்.
வானம், வானம், வால் மட்டும், வானம்,
ரோஸ்லியின் தொப்பி விளிம்பு,
பச்சையாய் ஒரு கோடு, அது பறவையாகவும் இருக்கலாம்.
ஒன்றில் மட்டும் முழுதாக விழுந்திருந்தது:
கண் கூர்மை, அலகில் தேனீ,
இரண்டு இறக்கையும் உடம்போடு ஒட்டி.
யாரோ எறிந்த கல் போல
ஆகாயத்தில் நின்றது.

குவெக் திரையில் எட்டிப் பார்த்தார்.
“செத்த மாதிரி இருக்கு. டிலீட்.”

வியாழக்கிழமை வந்தவர் நினைவுக்கு வந்தார்.
எழுபத்தொரு வயது, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
பெயர் சரிபார்த்தேன். பிறந்த தேதி கேட்டேன்.
தோள்களை முன்னால் தள்ளச் சொன்னேன்.
சட்டையில்லாத முதுகில் இரண்டு பட்டைகளும் விரிந்து விலகின,
ஏதோ ஒன்று கிளம்பப்போவதுபோல.
மூச்சை இழுங்கள்.
இழுத்தார். இருமினார்.
மூன்று முறை எடுத்தேன்.
“பிடிக்க முடியலேம்மா” என்றார்,
பஸ்ஸைத் தவறவிட்டவர் போல, வெட்கத்தோடு.

மூன்றாவதை மருத்துவர் ஏற்றுக்கொண்டார்.
முதல் இரண்டையும் தள்ளிவிடக்
கணினி காரணம் கேட்கும்.
பட்டியலில் நான்காவது சொல்லைத் தட்டினேன்:
அசைவு.

அசைவு, ஒரு பிழை.
பதினேழு வருடமாகத் தட்டுகிறேன்,
இன்றுதான் வாசித்தேன்.

குவெக்கிடம் சரி என்று தலையாட்டினேன்,
அழிக்கவில்லை.
எண்பத்திரண்டாம் எண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து
அந்தக் கல்லுக்கு முந்தைய படத்தையும் பிந்தையதையும் தேடினேன்.
முந்தையதில் வானம்.
பிந்தையதில், ஓரத்தில்,
கலங்கிய இறக்கை ஒன்று, விரிந்து,
அதன் வழியே மங்கலாகத் தெரிந்தன
பன்னிரண்டாம் மாடிச் சீருடைகள்.

இதையும் வைத்துக்கொண்டேன்.
கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது.
கேட்டதும் கைக்கு வந்த சொல்லையே கொடுத்தேன்.

நாளை எட்டு மணிக்கு முதல் ஆள்.
அந்தச் சீன வாக்கியத்தை
இன்னொரு முறை சொல்லிப் பார்க்க வேண்டும்.