கறுப்பு மை, அரைக்கிலோ

கேட்டது ஒரு துண்டறிக்கைதான்.
ஆயிரம் பிரதி, ஒற்றைப் பக்கம்.
முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"குவாரிக்காரங்க காலண்டர் வருஷா வருஷம்
நம்மகிட்டத்தான் ஓடுது, தெரியுமில்ல?"
பர்கூர் ரோட்டில் இன்னும் இரண்டு அச்சகம்.
அங்கேயும் காலண்டர்.
ஃப்ளெக்ஸ் கடையில் மட்டும்
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்களாம்.

அன்றைக்கு ராத்திரி நான் திருடினேன்.
கறுப்பு மை அரைக்கிலோ, கை உருளை ஒன்று,
ஓரம் மடங்கிக் கழித்துப்போட்ட காலண்டர் தாளில்
ஒரு கட்டு.
பதினோரு வருஷமாய்
கல்யாணத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும்
ஒரே மையைத் தடவிய கை.
நடுங்கியதா என்று கேட்டால்
மொபட்டின் மேல் பழி போடுவேன்.

சென்னப்பன் கொட்டாயில் வெடி
மத்தியானம் இரண்டு மணிக்கு.
தட்டில் சோறு தானாக ஓர் அங்குலம் நகரும்.
சுவரைக் காட்டினால் ஆய்வுக்கு வந்தவர் சொன்னாராம்,
சிமெண்ட் கலவை சரியில்லை.
செல்போனில் எடுத்துக் காட்டினால்,
இது எந்த ஊர்ச் சுவரென்று யார் கண்டது.

பழைய செருப்பின் அடிப்பகுதியில் பிளேடு வைத்து
எழுத்துச் செதுக்கலாம் என்றுதான் போனேன்.
"வெ"யின் கொம்பு வலப்பக்கம் வர வேண்டும்,
எல்லாம் தலைகீழ், கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல்.
சொல்லிக்கொண்டிருக்கும்போதே
முனிரத்தினத்தின் சின்னப் பையன்
உருளையை எடுத்துச் சுவரில் ஓட்டிவிட்டான்.

அடி விழப்போகும் நேரம்
பைரம்மாதான் கையைப் பிடித்தார்.
"இருங்க. அங்க பாருங்க."
சுவர் முழுக்கக் கறுப்பு.
விரிசலில் மட்டும் மை ஏறவில்லை.

காலண்டர் தாளின் வெறும் பக்கத்தை அதன்மேல் ஒட்டி
சோற்றுக் கரண்டியின் முதுகால்
தேய்த்தார், மூலை மூலையாக,
பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அல்ல,
பாத்திரம் துலக்குவதுபோல.
உரித்தெடுத்தபோது
தாளில் ஒரு வெள்ளை மின்னல்
ஜன்னல் மூலையிலிருந்து அடுப்படி வரை.
யாரும் பேசவில்லை.
செருப்பை ஓரமாகத் தள்ளிவைத்தேன்.

அப்புறம் வீடு வீடாய்.
ஜபீன் மை பிசைந்தாள், பாலிஷ் உடைந்த கிரானைட் துண்டின்மேல்.
கொஞ்சம் மண்ணெண்ணெய்.
யார் சுவரில் பெரிய விரிசல் என்று
ஒரு கட்டத்தில் போட்டியே வந்துவிட்டது.
சாலம்மா ஒன்பது வருஷம் பட்டறையில் கல் தேய்த்தவர்.
ரேஷன் கடை மெஷினுக்கு அவர் கட்டைவிரல் தெரியாது,
ரேகை இல்லை, போ என்கும்.
அவர் வீட்டுப் படிதான் அத்தனையிலும் துல்லியம்.
விரிசலுக்குள் விரிசல், ஓரத்தில் உதிர்ந்த காரை,
ஆணியடித்த ஓட்டை.
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"இதுல மட்டும் நான் இருக்கேன்."

திங்கட்கிழமை, மனு நாள்.
முப்பத்தொரு தாளையும்
கலெக்டர் ஆபீஸ் புங்கமரத்தடியில்
பிள்ளைகள் தெருவரிசையில் விரித்தார்கள்.
கோடுகள் ஒன்றோடொன்று சேரவில்லை.
ஆனால் எல்லாமே கிழக்கில் தடித்து மேற்கில் மெலிந்தன.
கிழக்கே என்ன இருக்கிறது என்று
போலீஸ்காரர் ஒருவர், பாவம், கேட்டுவிட்டார்.

அதிகாரி ஒரு தாளைத் தூக்கினார்.
"மை காயல சார், பாத்து" என்றேன்.
அதற்குள் பிடித்துவிட்டார்.
வெயிலில் தூக்கியதால் மறுபக்கம் தெரிந்தது.
ஜூலை மாதம், தாமரையில் லட்சுமி,
கீழே கம்பெனி பெயர், போன் நம்பர் இரண்டு.
அவர் விரலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.
துடைக்கத் துணி கேட்டார்.
எங்களிடம் இல்லை.

மனுவுக்கு ஒரு எண் கொடுத்தார்கள்.
வெடி இன்றைக்கும் இரண்டு மணிக்குத்தான்.

சம்பள நாளில் முதலாளி
என் நகத்தைப் பார்த்தபடியே எண்ணினார்.
மைக்குக் கழித்துக்கொண்டார்.
உருளைக்கும்.
தாளுக்கு மட்டும் கழிக்கவில்லை.
ஏனென்று
நான் கேட்கவில்லை.