ஏழாவது கட்டம்

திங்கட்கிழமை குழு வருகிறது.
சட்ட ஆய்வுத் துறையின் ஆறு வருடக் கணக்கு
அதற்குள் வேண்டுமாம்:
சேர்ந்தவர், முடித்தவர், ஆணா பெண்ணா,
எந்தப் பிரிவு, வீட்டின் முதல் பட்டதாரியா,
இப்போது என்ன செய்கிறார்.

ஊட்டி ஈரத்தில் காகிதம் நமத்துப்போய்
பிரிண்டர் இரண்டிரண்டாக விழுங்குகிறது.
வர்க்கியும் நமத்துவிட்டது.
ஒவ்வொரு எண்ணாக அழைக்கிறேன்.

சேர்ந்தவர் முப்பத்தொன்று, அதில் பெண்கள் பத்தொன்பது.
"நல்ல விஷயம், போல்டா போடுங்க" என்றார் துறைத்தலைவர்.
முடித்தவர் பதினொன்று, அதில் பெண்கள் நான்கு.
அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கேத்தியில் பிரேமலதா போஜன் போனை எடுத்தாள்.
கேரட் கழுவும் மிஷின் இரைச்சல்.
"ஆய்வு பாதியில நிக்குதுக்கா. பையனுக்கு ரெண்டு வயசு.
அதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா?"

சேரம்பாடி யோகேஸ்வரி,
லயன் வீடுகளுக்குப் பட்டா ஏன் இல்லையென்று
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதினாள்.
கப்பலில் வந்தவர்களின் பேத்தி.
சாதிச் சான்றிதழ் இன்னும் தாலுகா ஆபீசில் பரிசீலனையில்;
ஆகவே என் அட்டவணையில் அவள் பொதுப்பிரிவு.
அரசுத் தேயிலைத் தோட்டத்தில் இலை எடை எழுதுகிறாள்.
'அரசு நிறுவனப் பணி.'
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

குருகிராமில் ஒருவன் வாங்கும் சம்பளம்
சராசரியைத் தூக்கி தொட்டபெட்டாவில் வைக்கிறது.
மற்றவர்கள் எல்லோரும்
மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

பந்தலூர் கேத்தனுக்கு மூன்றாம் முறைதான் லைன் கிடைத்தது.
எழுபது வன உரிமை மனு எழுதிக் கொடுத்திருக்கிறான்,
ஒன்பது தேறியதாம்.
சம்பளம்?
"யாராவது ரீசார்ஜ் பண்ணி விடுவாங்க."
வேலை இல்லை, மேற்படிப்பு இல்லை,
தொழில் என்றால் ரசீது கேட்பார்கள்.
மிச்சம் ஏழாவது கட்டம்: தகவல் இல்லை.
இவ்வளவு தகவல் சொன்னவனை அங்கே எப்படிப் போட?

நான்காம் வரிசையில் என் பெயர்.
பதிவு காலாவதி. தலைப்பு: தினக்கூலிப் பெண்களின் பணிவரன்முறை.
இதே அறையில் தினக்கூலி.
எட்டிப் பார்த்த தலைவர் முகம் மலர்ந்தார்:
"நம்ம துறையிலயே வேலை!
கேம்பஸ் பிளேஸ்மெண்ட்னு போடலாமே மா."

போட்டேன்.
போட்ட கையோடு கேத்தனையும் இழுத்து
'வேலை'யில் வைத்தேன்.
மாத ஊதியம் என்ற இடத்தில்
ஒன்பது என்று அடித்தேன்.
என்ன ஒன்பது என்று
குழு கேட்டால் கேட்கட்டும்.