இறக்கியதை

மூன்றாம் நாள் காலை ஒன்பது பத்துக்கு அவன் தூக்கினான்.
அதற்காகத்தான் எதிர்ச்சாரியில்
எஞ்சினை அணைத்துவிட்டுக் கிடந்தேன்.
தண்டர் பே. டிசம்பர். ஏரி கரையோரம் உறைந்து
நடுவில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.
என் மூச்சே கண்ணாடியில் பனியாய்ப் படிய
நகத்தால் சுரண்டி, லென்ஸ் அளவுக்கு ஓர் ஓட்டை.

ரௌனோ கிவேலா. வயது ஐம்பத்திரண்டு.
மரம் ஏற்றிய லாரி, சிவப்பு விளக்கு,
இடுப்புக்கு மேலே இரண்டு முள்ளெலும்பு.
கோப்பில் இவ்வளவுதான்.
'பளு தூக்க இயலாது' என்று மருத்துவர் எழுதியதன் ஓரத்தில்
இன்சூரன்ஸ்காரர் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.
அந்தக் கேள்விக்குறிக்குத்தான் எனக்குக் கூலி,
மணிக்கணக்கில்; பெட்ரோல் தனி.

முதல் நாள் அவன் வெளியே வரவேயில்லை.
இரண்டாம் நாள் வந்து படியில் உப்புத் தூவினான்,
மூட்டையைச் சாய்த்து அல்ல,
தேநீர்க் கோப்பையில் மொண்டு மொண்டு.
எதற்கும் உதவாத படம். அழித்துவிட்டேன்.

அவன் தூக்கியது ஒரு நாயை.
கிழட்டு நாய், பின்னங்கால் இரண்டும் செத்தவை.
குழந்தையை எடுப்பதுபோல என்று எழுத வருகிறது;
இல்லை. மூட்டையை எடுப்பதுபோலவும் இல்லை.
வயிற்றுக்கடியில் கை கொடுத்து, பல்லைக் கடித்து,
பனியில் பதினோரு எட்டு, மூன்று படி.
நாற்பத்தொரு வினாடி. குலுங்காத படம்.
கேமராவை அணைத்தேன்.
குளிரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

பிறகு நடந்ததை வெறுங்கண்ணால் பார்த்தேன்.
வாசலில் குனியப் பார்த்தான். முடியவில்லை.
நாயை மார்போடு வைத்தபடியே கதவில் முதுகு சாய்த்துச்
சரிந்து
சரிந்து
உட்கார்ந்தான். எழவில்லை.
நாய் அவன் காதை நக்கியது.
அவன் மனைவி வேலையிலிருந்து வந்து
கக்கத்தில் கை கொடுத்து நிமிர்த்தும்போது
என் காப்பியில் ஆடை படிந்திருந்தது.
அறிக்கையில் எழுதினேன்:
'நபர் வீட்டுக்குள் சென்றார்.'
சென்றார்தானே.

விசாரணை ஆகஸ்டில்.
இந்த நாட்டில் வலிக்கு உச்சவரம்பு உண்டு;
அதற்கு மேல் வலித்தால் சட்டத்துக்கு வலிக்காது.
போன சம்பளம், மருந்து, கூட இருந்து பார்க்கும் ஆள்,
இவற்றுக்குக் கணக்கு வேறு.
எல்லாக் கணக்கின் மேலும் குறுக்கே கோடிழுக்க
என் நாற்பத்தொரு வினாடி.
திரையில் ஓடியது. மறுபடி ஓடியது.
அவன் தன்னைப் பார்க்கவில்லை,
நாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுடைய வக்கீல், டெல்மா ஓகிமா,
எழுந்து நின்று கத்தவில்லை.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
"தூக்கியதைப் படம் பிடித்திருக்கிறீர்கள்.
இறக்கியதை?"

பேட்டரி, என்றேன்.
"பேட்டரியை நான் கேட்கவில்லையே."
கம்பெனி வக்கீல் பேனா மூடியைத் திருகத் தொடங்கினார்.
சொன்னேன்.
கோப்பையில் உப்பு மொண்டதைச் சொன்னேன்.
காதை நக்கியதுவரை சொன்னேன்,
அதை யாரும் கேட்கவில்லை.

தீர்ப்புக்கு முன்பே பேசி முடித்துக்கொண்டார்கள்.
எவ்வளவு என்பது மூடிய உறைக்குள்.
சாட்சி சொன்ன அரை நாளுக்கும் பில் போட்டேன், கொடுத்தார்கள்.
அப்புறம் அந்தக் கம்பெனி என்னைக் கூப்பிடவில்லை.
இதனால் நான் நல்லவன் என்று ஆகாது.
வேறு கம்பெனிகள் இருக்கின்றன.
இப்போது ஒரு பெண்: ரொட்டி ஆலை, வலது கை, நாலு விரல்.
திங்கட்கிழமை ஆரம்பம்.

மார்ச்சில் அந்த நாய் செத்துப்போனது.
எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.
அந்தத் தெரு என் வழியில் இல்லை.