மூன்று மணி ஓசை

துப்புராயப்பேட்டைக்குப் பின்னால்
ஊர் குளித்ததும் கழுவியதும் வந்து சேரும் இடத்தில்
எனக்கு ராத்திரி ஷிப்ட்.
வெளியே பெயர் மங்கையர்க்கரசி,
பதிவேட்டில் வெறும் ம.அ.

சனிக்கிழமை என்றால் வாடையிலேயே தெரியும்.
ஓட்டல்களின் வெண்ணெய், இறால் கழுவிய நீர்,
கடற்கரைச் சாலை குடித்து இறக்கிய பீர்.
பதினோரு மணிக்கு வெள்ளமாய் வரும்.
மூன்று மணிக்கு
சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் எழுந்து போன தண்ணீர்,
எங்கோ மூடாத ஒரு குழாய்,
அவ்வளவுதான்.

ப்ளோயருக்கு இது தெரியாது.
பதினோரு மணிக்கு ஊதிய அதே ஊது
மூன்று மணிக்கும்.
தூங்குகிற பிள்ளையின் வாயில் சோறு திணிப்பதுபோல
கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களுக்குக்
காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும்.
மீட்டர் மட்டும் விழித்திருந்து எண்ணும்.

பழைய பதிவேடுகளைப் புரட்டினேன்.
ஒன்பது வருஷம், பதினாலு கையெழுத்து,
ஒரே சொல்: இயல்பு.
ஓடினால் கேள்வி இல்லை,
நின்றால்தான் கேள்வி.
அதனால் ஓடவிட்டார்கள்.

தொட்டியில் தொங்கும் ஆக்சிஜன் மானி
எப்போதும் இரண்டு, மிஞ்சினால் இரண்டரை காட்டும்.
நல்ல எண். யாரும் சந்தேகப்படாத எண்.
ஐப்பசி மழை விட்ட ஒரு ராத்திரி
கயிற்றோடு அதை மேலே இழுத்தேன்.
முனையில் வழவழப்பு, தலைமுடி,
ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
பழைய பல் பிரஷால் தேய்த்து இறக்கினால்
ஆறே முக்கால்.

கலியமூர்த்தி சார் போனை எடுக்கவில்லை.
எடுத்திருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.
எடுக்காததையே அனுமதி என்று வைத்துக்கொண்டேன்.

ஐம்பதில் இருந்த வேகத்தை
நாற்பத்தாறு ஆக்கினேன். காத்திருந்தேன்.
நாற்பத்திரண்டு. டார்ச் அடித்துத்
தொட்டியைச் சுற்றி ஒரு நடை.
முப்பத்தெட்டு.
வேகம் கால்வாசி இறங்க
மின்சாரம் பாதிக்கு மேல் இறங்கியது.
கணக்கு பாலிடெக்னிக்கிலேயே வந்துவிட்டது,
நம்பிக்கை அன்றைக்குத்தான் வந்தது.

அலறல் முனகலானது.
அதன் அடியிலிருந்து
உஸ்ஸ்ஸ்...
பல்லிடுக்கில் யாரோ மூச்சு விடுவதுபோல.
குழாய் மூட்டு.
எத்தனை வருஷமாகவோ.
சோப்புத் தண்ணீர் தடவினேன்,
குமிழ் குமிழாய்ப் பொங்கியது
அரசாங்கப் பணம்.

அப்போது கேட்டை யாரோ உலுக்கினார்கள்.
எதிர்த் தெரு ஞானப்பிரகாசி,
கொண்டை அவிழ்ந்து, கண் சிவந்து.
பின்னால் இன்னும் இரண்டு பேர்.
"என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா?
சத்தம் இல்லாம தூக்கமே வரல."

நிற்கவில்லை, மெதுவாக ஓடுகிறது என்றேன்.
நம்பவில்லை. உள்ளே கூட்டிப்போனேன்.
தொட்டி எதையும் காட்டிக்கொள்ளவில்லை.
அதே பழுப்பு, சின்னச் சின்னக் குமிழ்,
நாற்றம்கூட நேற்றையதே.
"இதுக்கா இத்தனை நாள் அந்தக் கத்து கத்துச்சு?"
பதில் சொல்ல வாயெடுத்தேன்,
கையை உயர்த்தி நிறுத்தினாள்.
கடல்.
இவ்வளவு கிட்டவா இருக்கிறது என்று
நாலு பேரும் கொஞ்ச நேரம் நின்றோம்.

ஐந்தரைக்கு ஊர் குழாயைத் திறந்தது.
மானி ஒன்றரைக்கு இறங்கியது,
நான் நாற்பத்தைந்துக்கு ஏற்றினேன்.

இயல்பு என்று எழுதப் போன பேனாவை
உதறிவிட்டு எழுதினேன்:
மூன்று பத்துக்கு முப்பத்தெட்டு.
நாலாவது மூட்டில் கசிவு.
கேஸ்கட் ஒன்று வேண்டும்.