நோக்கம் என்ற கட்டம்

ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம்
ஹேண்டில்பாரில் காய்ந்து வெடித்திருந்தது.
நசுக்கிய எலுமிச்சையின் விதை ஒன்று
பின்டயர்ப் பள்ளத்தில் சிக்கி
ஓசூரிலிருந்தே கூட வந்தது.

தேன்கனிக்கோட்டையில் டீ.
அய்யூர் தாண்டியதும் வெறும் மூச்சு.
நாகவேணி முன்னால்;
அவள் முதுகில் வியர்வை
மாவட்ட வரைபடம்போல் அகன்றுகொண்டே போனது.
வளைவுகளை எண்ணுவதை ஏழாவதில் விட்டேன்.
எட்டாவதில் இறங்கித் தள்ளினேன்.
"நடக்குறது நாளைக்குத்தானே?" என்றாள்
திரும்பாமலே.
"முன்பணம்" என்றேன்.

ராகி வயலோரம் மரத்தில் ஒரு பரண்.
இரவெல்லாம் யானைக்குக் காவல் இருந்தவன்
ஒரு கால் வெளியே தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான்.
நாங்கள் மணி அடிக்கவில்லை.
நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறவர்களின் கால்
எங்களுக்குத் தெரியும்.

பெட்டமுகிலாளத்தில் வனத்துறையின் நீளப் பதிவேடு.
பெயர் யசோதா, ஊர் ஓசூர்,
அடுத்த கட்டம்: நோக்கம்.
பேனா அங்கே நின்றது.
எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள்
மாடு தேட வந்திருந்தார்கள்,
கோயிலுக்கு வந்திருந்தார்கள்,
ஒருவர் மின்கம்பம் பார்க்க.
"ஆராய்ச்சியா?" என்றார் காப்பாளர்.
இல்லை.
"வேண்டுதலா?"
இல்லை.
"சைக்கிள்ல வந்துட்டு, அதை இங்க விட்டுட்டு நடக்கப் போறீங்க.
வண்டி ரிப்பேரா?"
நாகவேணி பேனாவைப் பிடுங்கி
'சும்மா' என்று எழுதினாள்.
காப்பாளர் அதைப் படித்துவிட்டு
கீழே கோடு போட்டு முத்திரை குத்தினார்.

இரவு முழுக்கத் தொடைகள்
போர்வைக்குள் வட்டம் போட்டன.
காலையில் அவற்றுக்கு நேர்கோடு புரியவில்லை.
பெடலில் ஒரு கால் அழுந்தினால்
மற்றது தானாக எழும்.
இங்கே ஒவ்வொரு காலும்
தன் கூலியைத் தனியாகக் கேட்டது.

கூட வந்த வாட்சர் மாதப்பனுக்கு
எங்கள் வயதுதான்.
ரப்பர் செருப்பு, தோளில் அரிவாள்.
மூன்று மணி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்:
"கியர் எத்தனை?"
"இருபத்தொண்ணு."
அதன்பின் உச்சிவரை
அதையே யோசித்துக்கொண்டு நடந்ததுபோல் இருந்தது.

உச்சியில் புல். காற்று.
நாகவேணி ஷூவைக் கழற்றிக்
கட்டைவிரல் கொப்புளத்தைக் கதிரவனுக்குக் காட்டினாள்.
வடக்கே ஒரு மங்கல்.
ஓசூராக இருக்கலாம், வெறும் தூசியாகவும் இருக்கலாம்.
அதற்கு அடியில் எங்கோ என் மேசை,
துணி மூடி, பொட்டு வைத்து.
ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது பிரேக் பேட்.
நகத்தால் தடவுவேன்.
விரிசல் என்றால் சிவப்புத் தட்டு,
இல்லையென்றால் பச்சை.
பச்சையில் போனது எந்தச் சாலையில்
யாரை நிறுத்தியது என்று
இதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை.

இறங்கி வந்ததும் மாதப்பன் கேட்டான்:
"ஒரு ரவுண்டு?"
போனான்.
ஐந்து நிமிடம், பத்து, இருபது.
கொப்புளத்தோடு நாங்கள் தேடி நடந்தோம்.
மூன்றாவது வளைவில் குந்தியிருந்தான்,
செயின் கழன்று,
இரண்டு கையும் கரியாகி,
முகம் கொள்ளாத சிரிப்போடு.
"இருபத்தொண்ணையும் போட்டுப் பாத்துட்டேன்."

மூன்றாம் நாள் இறக்கம்.
மிதிக்க வேண்டியதில்லை, நடக்க வேண்டியதில்லை.
இரண்டு விரல் லீவரில்,
உடம்பு முழுக்க அந்த இரண்டு விரலில்.
ரப்பர் தீயும் வாசனை வந்தபோது
ஓரமாக நிறுத்தினேன்.
பிரேக் கட்டை சூடு ஆறும்வரை ஊதி
நகத்தால் தடவிப் பார்த்தேன்.
எந்த ஊரிலோ எவளோ ஒருத்தி
எனக்கு முன்பே இதைத் தடவியிருப்பாள்.
"பச்சை" என்றேன் சத்தமாக.
அது புரிகிற ஒரே ஆள்
இரண்டு வளைவு கீழே
விடாமல் மணி அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

ராகி வயல் வந்த இடத்தில்
மணி நின்றது.
வயல் தாண்டி
மறுபடி கேட்டது.