அடக்கம்

வார்டோ துறைமுகத்தில், மீன்கூடத்துக்கு மேல்மாடியில் கூட்டம்.
ஜனவரி. பகல் பன்னிரண்டுக்கும் விளக்கெரிந்தது.
கீழேயிருந்து ஐஸ் உடைக்கும் சத்தம்.
என் வேலை மொழிபெயர்ப்பு மட்டும்,
மணிக்கணக்கில் கூலி,
காப்பி அவர்கள் செலவு.

எதிரே எவ்கிராஃப் தீகனோவிச்,
மூர்மான்ஸ்க்கிலிருந்து பேருந்தில் வந்தவர்,
கோட்டைக் கழற்றவே இல்லை.

அவர் கொண்டுவந்த தாளை
வரி வரியாக நார்வேக்கு மாற்றினேன்.
காரா கடல்.
ஆழம் முப்பத்தாறு மீட்டர்.
பீப்பாய்கள் நானூற்றுப் பதினொன்று,
அடக்கம் செய்யப்பட்டன.

அடக்கமா, என்றாள் தூர்பியோர்க்,
கதிரளக்கும் கருவியோடு மூன்று கோடை அங்கே போனவள்.
ஆமாம், ரஷ்யக் காகிதத்தில் அந்தச் சொல்தான்,
பிணத்துக்குச் சொல்வது.

கிழவர் சிரித்தார், பல்லில்லாத பக்கமாக.

"எங்கே அடங்கியது?
தள்ளிவிட்டோம். ஒரு முங்கு முங்கிவிட்டு
நாய்க்குட்டி மாதிரி திரும்பி வந்தது
கப்பலை ஒட்டியே.
உள்ளே காற்று. அதை எவனும் கணக்கிலெடுக்கவில்லை."

அப்புறம்?

"அப்புறம் சுட்டோம்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.
சுட்டார்கள், என்றேன்,
நானே ஏதோ ஒப்புக்கொள்வதுபோல.

"நான் சமையல்கட்டு ஆள்.
என் கையிலும் துப்பாக்கியைக் கொடுத்தார்கள்.
தண்ணீர் புக ஒரு ஓட்டை, காற்று போக ஒரு ஓட்டை,
சொல்வதற்குச் சுலபம்.
அலையில் உருளும், மேலே இருந்தது கீழே போகும்.
ஒரு பீப்பாய்க்கு எனக்குப் பதினேழு குண்டு.
எப்படி ஞாபகம் என்றால்,
குண்டுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும்.
பீப்பாய்க்கு வேண்டாம்."

ஆஸ்லோவிலிருந்து வந்த இளைஞன் எழுந்தான்.
உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்றான்,
நாளையே, பெரிய எழுத்தில்.
தூர்பியோர்க் சொன்னாள்:
பெட்டிகளுக்கு அடியில் சேற்றில் இருக்கிறது.
நீரில் வரம்புக்குக் கீழே.
மீனில் ஏறக்குறைய இல்லை.
இன்றைக்கு இல்லை என்றுதான் என்னால் சொல்ல முடியும்,
இரும்பு துருப்பிடிப்பதை நான் நிறுத்த முடியாது.

ஜன்னலோரம் ஹால்வார்ட், படகுக்காரர்களின் ஆள்.
"வரம்புக்குக் கீழே என்பதைத் தலைப்பில் போடுவானா?
காட் மீன் இன்று கிலோ எட்டு குரோனர்.
கதிர் என்ற ஒரு சொல் அச்சேறினால் நாலு.
மீன் சாகாது.
நான் சாவேன், கடன்காரன் வருவான்."
பிறகு கிழவரிடம், என்னைப் பார்க்காமல்:
"முப்பது வருஷம் வாயை மூடியிருந்தாய்.
இப்போது எதற்கு வந்தாய்?"

இதை மென்மையாக்கி மொழிபெயர்க்கலாமா என்று பார்த்தேன்.
வேண்டாம் என்று அப்படியே சொன்னேன்.

அவர் தொப்பியை மேசைமேல் வைத்தார்.
"அன்று சாயங்காலம் பையன்கள் தூண்டில் போட்டார்கள்.
அதே இடத்தில். சின்னச் சின்ன வெள்ளை மீன்.
நான்தான் சூப் வைத்தேன்.
வெங்காயம் இருந்தது, மிளகு இருந்தது.
இருபத்திரண்டு பேர்.
இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள்.
என்னிடம் எல்லோரும் பீப்பாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள்."

ஆஸ்லோ பையன் பேனாவை எடுத்தான், வைத்தான்.

ஹால்வார்ட் கேட்டார்:
"என்ன மீன்?"

"சைக்கா."

அதற்கு நான் சொல் தேடுமுன்பே
ஹால்வார்ட் தலையசைத்தார்.
நாற்காலியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தினார்.

கூட்டக் குறிப்பை இரவில் தட்டச்சு செய்தேன்.
கொட்டல் என்று போடு என்றான் ஆஸ்லோ பையன்.
வைப்பு, என்றாள் தூர்பியோர்க், அதுதான் துறைச்சொல்.
ஹால்வார்ட்டுக்குக் கடலின் பெயரே வேண்டாம்.
மூன்று தாள் கிழித்தேன்.
அச்சில் என்ன வந்தது என்று இப்போது நினைவில்லை,
காட் விலை ஆறுக்கு இறங்கியது நினைவிருக்கிறது.

சீசியத்துக்கு அரை ஆயுள் முப்பது வருஷம்.
அந்தக் கூட்டத்திலிருந்து எண்ணினால்
இந்த ஜனவரியில் ஒரு பாதி கழிந்தது.
செவ்வாய்க்கிழமைகளில் நான் காட் வாங்குகிறேன்,
உருளைக்கிழங்கோடு,
யோசித்துக்கொண்டே, ஆனாலும் வாங்குகிறேன்.

எவ்கிராஃபின் மருமகள் ஒருமுறை கடிதம் போட்டாள்.
பிப்ரவரியில் போனாராம். எதனால் என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.
மண் இரும்பாய் இறுகிக் கிடந்ததாம்.
இரண்டு நாள் டயர் எரித்து இளக்கி
அடக்கம் செய்தார்களாம்.
அதே சொல்.
திருத்த எதுவும் இல்லாமல்
ஒரே தடவையில் வாசித்து முடித்தேன்.