சாமான் பட்டியலில் ஒரு பழம்

நாடகக் குழுவுக்கு நான் சாமான்காரன்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
மார்ச் மாதம். ஹூரான் ஏரி இன்னும் இறுகிக் கிடக்கிறது.
கூடத்தின் ஹீட்டர் இருமும்போதெல்லாம்
வசனம் நின்று, காத்திருந்து, பிறகு நடக்கிறது.

கதை எங்களுடையது.
ஒரு பெண் பெரியவளாகிறாள்.
ஒரு வருஷம் நெஞ்சுப்பழம் தொடமாட்டாள்.
நாங்கள் ஓடேமின் என்போம், கடைக்காரன் ஸ்ட்ராபெரி என்பான்.
வருஷம் திரும்பியதும் பழத்தை நீட்டுவார்கள்.
மூன்று முறை வேண்டாம் என்பாள்.
நான்காம் முறை தின்பாள்.
அவள் கடித்ததும் விளக்கு அணையும். கைதட்டல்.

“நிஜப் பழமாக இருக்கட்டும், வெர்ன்” என்றாள் லோர்னா.
“கடைசி வரிசைக்கும் சாறு தெரியணும்.”
வாங்கினேன். கலிபோர்னியாப் பழம், ஒரு டப்பா ஏழு டாலர்,
உள்ளே வெள்ளை, வாசனை பூஜ்யம்.
எட்டு ஒத்திகை. எட்டுப் பழம் தின்றாள் ரேலீன்,
பதின்மூன்று வயது,
ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை.
நல்ல நடிகை.

ஒன்பதாம் ஒத்திகை, காபி இடைவேளை.
டோனட் பெட்டி சுற்றி வருகிறது.
ஜாம் வைத்ததை எடுத்தாள்.
பார்த்தாள்.
திரும்ப வைத்துவிட்டு
வெறும் டோனட் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
லோர்னா மட்டும் தாளில் பென்சிலை ஊன்றி
எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.
எனக்கு விளங்க நாலு நாள் ஆயிற்று.
ஆண்பிள்ளைக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும்.

இரவு போன் வந்தது. “பழம் வேண்டாம். வேறு செய்.”
“வேறு என்றால்?”
“சாமான்காரன் நீ.”

நெடுஞ்சாலையில் லாரி அடித்த முள்ளம்பன்றி.
ஒரு சிட்டிகை புகையிலை வைத்தேன்.
போர்வையால் ஒற்றி எடுத்தேன்;
முட்களெல்லாம் போர்வைக்கு மாறிக்கொண்டன.
கழுவி, சிவப்புச் சாயத்தில் போட்டு,
பிர்ச் பட்டையில் ஊசியால் துளையிட்டு
துளைக்கொன்றாய்ச் செருகினேன்.
காய்ந்த முள் ஒடியும். வாயில் அதக்கினால் வளையும்.
விதைக்கு மஞ்சள் முனைகள். காம்புக்குப் பச்சை.
இரண்டு தடவை பிரித்தேன்;
முதல் பழம் உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பேருந்தில் ஏறிய பொடியன் ஒருவன்
என் நாக்கைப் பார்த்துக் கத்தினான்:
“வெர்ன் ஸ்ட்ராபெரி தின்னுட்டார்!”

அரங்கேற்றம். நூற்றிருபது நாற்காலி, நூற்றைம்பது பேர்.
முதல் முறை, வேண்டாம்.
இரண்டு.
மூன்று.
நான்காம் முறை கிளேட்டன் பட்டைப் பெட்டியை நீட்டினான்.
மூடியைத் திறந்தாள்.
என் பழத்தை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை.
விரலால் ஒருமுறை தடவினாள், முள் போகிற திசையில்.
மூடினாள்.
“இன்னும் இல்லை” என்றாள்.
அப்படி ஒரு வசனம் எந்தத் தாளிலும் கிடையாது.

டிக்கெட் மேசையிலிருந்த அவள் அம்மா எழுந்து நின்றாள்.
பிறகு இன்னொருத்தி. பிறகு ஒரு வரிசை.
கைதட்டவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான்.
விளக்குப் பையன் மேலே
அவள் கடிப்பதற்காகக் காத்துக்கொண்டே இருந்தான்.
விளக்கு அணையவில்லை.
ஹீட்டர் இருமியது.

மறுநாள் சாமான் எண்ணினேன்.
துடுப்பு இரண்டு. கம்பளி நான்கு. கெட்டில் ஒன்று.
பெட்டியோடு பழம் ஒன்று குறைகிறது.
யார் கொண்டுபோனது என்று தெரியும்.
பட்டியலில் ‘குறைவு’ என்று எழுதி
அடியில் கையெழுத்துப் போட்டேன்.